திங்கட்கிழமைக் காற்று

இறப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்தால் 'காரணம்' என்ற கட்டத்தைக் கடைசியில்தான் படிப்பேன். பல ஆண்டுப் பழக்கம். நோய்களின் வரலாற்றைத் தேடுகிறவனுக்கு இது தலைகீழ் வழக்கமாகத் தோன்றலாம். பழைய கிராமப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்குக் காரணம் புரியும். வாந்திபேதியில் செத்தவரும் பட்டினியில் செத்தவரும் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லுக்குள் கிடப்பார்கள். எழுதியவருக்கு நோய் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எழுதத் துணிவு வந்திருக்காது. தேதியும் தெருப் பெயரும் அப்படியல்ல. அவற்றில் பொய் எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் 'காய்ச்சலில்' போயிருந்தால், அந்தத் தெருக் கிணற்றைத் தேதிகளே காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தப் பழக்கம்தான் யூரல் மலைப்பக்கத்து நகரம் ஒன்றின் கல்லறைகள் வரை என்னை இழுத்துக்கொண்டு போனது. நேரில் அல்ல, காகிதத்தின் வழியே.

அடைப்பான்

நான் தேடத் தொடங்கியது வேறொன்றை. அடைப்பான் என்று நம் பக்கம் சொல்லும் மாட்டு நோயைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். முதல் நாள் மாலை நன்றாகத் தவிடு குடித்த பாட்டி வீட்டுப் பசு, விடியும்போது வயிறு உப்பிக் கிடந்தது. மூக்கிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்து, உறையாமல் தரையில் பரவியிருந்தது. தோலுரிக்க ஆள் வந்துவிட்டார். அதற்குள் சைக்கிளில் வந்து இறங்கிய மாட்டு டாக்டர், காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துக்கொண்டார். பிறகு பாட்டியிடம், "கத்தியே படக் கூடாதும்மா. அறுத்தா ரத்தத்துல இருக்கிற கிருமி காத்துப் பட்டு வித்தாயிடும். அப்புறம் இந்த மண்ணை விட்டே போகாது" என்றார். ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். அந்த இடத்தில் புல் அறுக்கப் பாட்டி பிறகு யாரையும் விட்டதில்லை.

பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற நுண்ணுயிரின் முழு வாழ்க்கையும் அந்த டாக்டர் சொன்ன வார்த்தைகளுக்குள் இருக்கிறது. உடலுக்குள் இருக்கும்போது அது கோல் வடிவக் கிருமி. பெருகும், நஞ்சைச் சுரக்கும், கொல்லும். செத்த உடலிலிருந்து வெளியே வந்து காற்றுப் பட்டதும் தன்னைச் சுருக்கி, கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராகிவிடும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கும். மேய்கிற மாட்டின் வாய்க்குள் புல்லோடு போனால் விழித்துக்கொள்ளும். ராபர்ட் கோக் 1876இல் இந்தச் சுற்றை முழுமையாகக் கண்டு காட்டினார். 1881இல் லூயி பாஸ்டர் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, ஊரைக் கூட்டி நிரூபித்தார். இன்று நம் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அடைப்பானுக்கான தடுப்பூசி தயாராகிறது.

மனிதரை இந்த நோய் மூன்று வழிகளில் பிடிக்கும். தோலில் உள்ள கீறல் வழியே போனால் கரிய பொருக்கோடு புண் வரும். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் என்று பெயர் வந்தது அந்தக் கருமையால்தான்; அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நிலக்கரி என்று பொருள். நோய்ப்பட்ட இறைச்சியைத் தின்றால் குடலைத் தாக்கும். ஸ்போரை மூச்சில் இழுத்தால் நெஞ்சுக்குள் இறங்கும். மூன்றில் மிக அரிதானது கடைசி வழி. மிகக் கொடியதும் அதுதான்.

ஒவ்வொரு மொழியிலும் இந்த நோய்க்கு என்ன பெயர் என்று பட்டியல் போட்டபோது ரஷ்யச் சொல் என்னை நிறுத்தியது. சிபிர்ஸ்கயா யாஸ்வா, அதாவது சைபீரியப் புண். தன் நிலத்தின் பெயரையே நோய்க்கு வைத்திருக்கிறார்கள்! அந்தச் சொல்லைத் தொடர்ந்து போனபோதுதான் 'சயின்ஸ்' இதழின் 1994 நவம்பர்க் கட்டுரை ஒன்று கையில் சிக்கியது. அதில் ஓர் அட்டவணை, இரண்டு வரைபடங்கள். நகலெடுத்து மேசையில் விரித்தேன். அடைப்பான் கட்டுரை அன்றோடு நின்றது.

சொல்லப்பட்ட கதை

1979இல் அந்த நகரத்தின் பெயர் ஸ்வெர்ட்லாவ்ஸ்க். இன்றைக்கு யெகாத்தெரின்பர்க். மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவில், அன்று 12 லட்சம் மக்களோடு, ராணுவத் தளவாட ஆலைகள் நிறைந்த நகரம். வெளிநாட்டவருக்கு அப்போது அனுமதி கிடையாது.

அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் நகரின் தென்பகுதியான ச்கலோவ்ஸ்கி வட்டாரத்து மருத்துவமனைகளுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறலோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நிமோனியா என்றே மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். ஆனால் வந்தவர்கள் ஒன்றிரண்டு நாளில் செத்தார்கள். சாவு ஆறு வாரம் நீடித்தது.

செய்தி வெளியே கசிய மாதங்கள் ஆயின. பிராங்பர்ட்டிலிருந்து ரஷ்யப் புலம்பெயர்ந்தோர் நடத்திய இதழ் ஒன்று எழுதியது. ஆயிரம் பேர் செத்ததாகக்கூட வதந்தி உலவியது. 1980 மார்ச்சில் அமெரிக்கா வெளிப்படையாகக் கேள்வி எழுப்பியது. கேள்விக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நுண்ணுயிர்களை ஆயுதமாக்குவதையும் சேமிப்பதையும் தடைசெய்யும் உடன்படிக்கையில் சோவியத் ஒன்றியம் 1972 ஏப்ரல் 10 அன்றே கையெழுத்திட்டிருந்தது. 1975இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

மாஸ்கோவின் பதில் தெளிவாக இருந்தது. கால்நடைகளுக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது; சோதிக்கப்படாத இறைச்சி தனியார் கைமாறி விற்பனையானது; தின்றவர்கள் செத்தார்கள். 1980இல் சோவியத் மருத்துவ, கால்நடை, சட்ட இதழ்களில் இந்த விளக்கம் கட்டுரைகளாகவே வந்தது. 1988இல் பியோத்ர் புர்காசொவ் உள்ளிட்ட மூத்த மருத்துவ அதிகாரிகள் அமெரிக்காவுக்கே போய், வாஷிங்டனிலும் பால்டிமோரிலும் கேம்பிரிட்ஜிலும் இதை விளக்கினார்கள். கிருமி கலந்த எலும்புத்தூள் தீவனத்தால் மாடுகளுக்கு வந்தது என்று மூலத்தையும் சொன்னார்கள். ரத்தம் கட்டிய குடல்களின் படங்களையும் காட்டினார்கள்.

இந்த விளக்கத்தைப் படித்தபோது பாட்டி வீட்டுத் தொழுவம்தான் நினைவுக்கு வந்தது. அன்று அந்த டாக்டர் வர அரைமணி தாமதமாகியிருந்தால் அந்தப் பசுவின் கறி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? இது நடக்கக்கூடியது. எங்கும் நடப்பது. நோய்க்குத் தங்கள் நிலத்தின் பெயரையே வைத்தவர்கள் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலாளர் மாத்யூ மெசல்சனே இதை நம்பத்தக்க விளக்கமாகக் கருதினார். உயிரியல் ஆயுதங்களை அமெரிக்கா கைவிட வேண்டும் என்று 1960களில் வாதாடிய அறிஞர் அவர். அந்தச் சோவியத் மருத்துவர்களை 1988இல் வரவழைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

என் குறிப்பேட்டில் அந்த விளக்கத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதினேன். கால்நடைகள் செத்தனவா? செத்தன. இறைச்சி பறிமுதல் ஆனதா? ஆனது. கெட்ட இறைச்சி பற்றி எச்சரித்துச் சுவரொட்டி ஒட்டினார்களா? ஒட்டினார்கள். குடல்களில் ரத்தக்கட்டு இருந்ததா? இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்மை' என்று எழுத வேண்டியிருந்தது. ஆனால் மாட்டிலிருந்து மனிதனுக்குப் போனது என்ற இணைப்புக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை.

பறிபோனவையும் பதுங்கியவையும்

கேஜிபி ஆட்கள் வந்து மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் போய்விட்டார்கள். யார் எப்போது சேர்ந்தார், என்ன சிகிச்சை, எப்படி இறந்தார் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளோடு போயிற்று. என் போன்றவர்கள் வழக்கமாகப் போய் நிற்கிற அலமாரி காலி.

எஞ்சியது முதலில் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. ஃபைனா அப்ராமொவா நோய்க்கூறியல் மருத்துவர். ஓய்வு பெற்றிருந்தவரை 1979 ஏப்ரல் 10 அன்று 40ஆம் எண் மருத்துவமனையில் ஒரு பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். உயிரியல் ஆயுத உடன்படிக்கையில் கையெழுத்தாகிச் சரியாக ஏழு ஆண்டுகள் ஆன நாள் அது. மண்டையோட்டைத் திறந்தபோது மூளையின் மேல் ரத்தம் தொப்பி கவிழ்த்தது போலச் செக்கச் செவேலென்று படர்ந்திருந்தது. 'கார்டினலின் தொப்பி' என்று மருத்துவ நூல்கள் சொல்லும் ஆந்த்ராக்ஸ் அடையாளம். கிருமிச் சோதனையும் அதை உறுதி செய்தது.

அப்ராமொவாவும் அவருடைய இளைய சக மருத்துவர் லேவ் கிரின்பர்கும் தொடர்ந்து 42 உடல்களின் சான்றுகளைச் சேர்த்தார்கள். பதிவுகளைக் கொண்டுபோனவர்களின் கண்ணில் எல்லாம் படவில்லை. ஃபார்மலின் ஜாடிகளில் மிதந்த உறுப்புகள், மெழுகில் பதித்த திசுத் துண்டுகள், கண்ணாடிச் சில்லுகள், கைப்பட எழுதிய குறிப்புகள் ஆகியவை மற்ற மாதிரிகளோடு மாதிரிகளாக அங்கேயே பதுங்கியிருந்தன. நோய்க்கூறியல் பிரிவின் அலமாரியில் ஜாடிகள் வரிசையாக நிற்பதை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்?

சோவியத் ஒன்றியம் கலைந்த பின் அந்த ஜாடிகள் பேசின. அப்ராமொவா, கிரின்பர்க், மாஸ்கோவின் மருத்துவர் ஓல்கா யாம்போல்ஸ்கயா, அமெரிக்க நோய்க்கூறியலாளர் டேவிட் வாக்கர் ஆகியோர் 1993இல் முடிவை வெளியிட்டார்கள். 42 உடல்களிலும் நெஞ்சுக்கூட்டின் நடுவே, இரு நுரையீரல்களுக்கும் இடையிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ரத்தம் கட்டி அழுகியிருந்தன. ஸ்போர் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால், அங்குள்ள காவல் செல்கள் அதை விழுங்கி இந்தக் கணுக்களுக்குத்தான் சுமந்து செல்லும். சுமந்துபோன இடத்தில் அது முளைக்கும். குடலில் இருந்த ரத்தக்கட்டுகளோ, கிருமி ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவிய பிறகு உண்டானவை. 1988இல் காட்டிய படங்கள் பொய்யில்லை. நோய் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டிவிட்டு, அது நுழைந்த வாசலை மறைத்திருந்தார்கள்.

இறைச்சி என்ற விளக்கம் இங்கேயே உடைந்துவிட்டது. ஆனால் மூச்சில் வந்தது என்றால், யார் விட்ட மூச்சுக்காற்றில்?

பென்ஷன் பட்டியல்

1992 மே மாதம் ரஷ்ய அதிபர் போரிஸ் எல்ட்சின், 'கம்சமோல்ஸ்கயா பிராவ்தா' நாளிதழிடம், ராணுவ வேலையே அந்த நோய்க்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டார். 1979இல் அதே ஸ்வெர்ட்லாவ்ஸ்க் வட்டாரத்தின் கட்சித் தலைமைச் செயலாளராக இருந்தவர் அவர்தான். பலர் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடினார்கள். எங்கள் தொழிலில் வாக்குமூலம் மட்டும் போதாது. எந்த இடம், எந்த நாள், எந்தத் திசை என்பதை அது சொல்லவில்லை.

1992 ஜூனிலும் 1993 ஆகஸ்டிலும் மெசல்சனின் குழு அந்த நகருக்குப் போனது. தான் நம்பத்தக்கது என்று சொன்ன விளக்கத்தைத் தானே சோதிக்கப் போன மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. குழுவில் மானுடவியலாளர் ஜீன் கில்லமின், கால்நடை நோயியலாளர் மார்ட்டின் ஹியூ-ஜோன்ஸ், உள்ளூர்ச் சமூகவியலாளர் இலோனா பப்போவா முதலியோர் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான காகிதம் ரகசியக் கோப்பு அல்ல, உதவித்தொகைப் பட்டியல்! இறந்தோர் குடும்பங்களுக்கு உதவி வழங்க 1992இல் ரஷ்ய அரசு முடிவு செய்தபோது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. பட்டியல் கேஜிபி பதிவுகளிலிருந்தே தயாரானது. அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பிறந்த ஆண்டும் வீட்டு முகவரியும். பதிவுகளைப் பறித்துப் போன கையே அவற்றில் மிக முக்கியமான இரண்டு கட்டங்களைத் திருப்பிக் கொடுத்திருந்தது. வேறு வழி இல்லை. முகவரி இல்லாமல் எந்த அரசாங்கமும் பணம் கொடுத்ததில்லை.

பட்டியலை நகரின் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தோடு ஒப்பிட்டார்கள். அந்த ஏப்ரலில் இறந்தவர்களின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. சவப்பெட்டிக்குள் குளோரின் சுண்ணாம்பு போட்டு, தோட்டத்தின் தனிப் பகுதியில் அடக்கம் செய்தார்கள். ஆனால் கல் நடுவதை யாரும் தடுக்கவில்லை. கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். கோப்பில் அழித்த தேதிகளைக் குடும்பங்கள் தங்கள் செலவில் பளிங்கில் வெட்டி வைத்திருந்தன.

பிறகு கில்லமினும் பப்போவாவும் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சாதாரணமான ஒரு கேள்வி: "அந்த வாரம் அவர் பகலில் எங்கே இருந்தார்?" வேலை எங்கே, எந்த ஷிப்ட், லீவில் இருந்தாரா, யாரையாவது பார்க்கப் போயிருந்தாரா? அந்த வீடுகளில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றவர்களில் ஒருவர் செத்திருந்தார்; மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இறந்தோரில் குழந்தை ஒன்றுகூட இல்லை. நோய்ப்பட்டதாக உறுதியான 77 பேரில் 24 வயதுக்குக் குறைந்தவர் எவருமில்லை. கெட்ட இறைச்சி வீட்டுக்குள் வந்திருந்தால் குழந்தையின் தட்டை மட்டும் எப்படித் தாண்டிப் போகும்?

அளவுகோல்

இப்போது அந்த இரண்டு வரைபடங்கள். முதலாவது நகரத்தின் தென்பகுதி. 77 பேரில் 66 பேர் இறந்தவர்கள், 11 பேர் பிழைத்தவர்கள். ஒவ்வொருவரும் பகலில் இருந்திருக்கக்கூடிய இடம் ஒரு புள்ளி. வீட்டு முகவரிகளை மட்டும் குறித்தால் புள்ளிகள் சிதறிக் கிடந்திருக்கும். பகல்நேர இடங்களைக் குறித்ததும் அவை ஒழுங்காக வரிசைக்கு வந்துவிட்டன. பெரும்பான்மை, சுமார் 4 கி.மீ. நீளமுள்ள ஒரு குறுகிய பட்டைக்குள். பட்டையின் வடமுனையில் ராணுவ நுண்ணுயிரியல் நிலையம் இருந்த 19ஆம் வளாகம். அதை ஒட்டிப் படைவீரர் குடியிருப்புள்ள 32ஆம் வளாகம். தெற்கே, ஏறத்தாழ 3 கி.மீ. தள்ளி, பலரைப் பலிகொடுத்த பீங்கான் ஆலை.

இரண்டாவது வரைபடம் நகரத்துக்கு வெளியே. ஆடுமாடுகள் செத்த ஆறு கிராமங்கள் அதில் உண்டு. ருத்னி, பெரிய செதெல்னிகொவோ, சின்ன செதெல்னிகொவோ, பெர்வமைஸ்கி, காஷினோ, அப்ராமொவோ. கடைசி ஊர் 50 கி.மீ. தொலைவு. செத்த கால்நடைகளைப் பற்றிய கால்நடைத் துறைப் பதிவுகளில் தேதியும் ஊரும் இருந்தன. மனிதச் சாவை மறைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆட்டுச் சாவை மறைக்கத் தோன்றவில்லை. ஆடுதான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அல்லவா!

மேசை விளக்கைக் கீழே இறக்கி, என் மகளின் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து நகலின்மேல் வைத்தேன். கட்டுரையாசிரியர்கள் முடிவை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கையால் செய்து பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. நகரப் பட்டையின் நடுக்கோட்டைப் பென்சிலால் தென்கிழக்கே நீட்டினேன். ஆறு ஊர்களும் அந்தக் கோட்டை ஒட்டியே வந்தன. மாடு மனிதனைக் கொல்லவில்லை; இரண்டையும் கொன்றது ஒன்று. அது வடக்கிலிருந்து தெற்கே நேர்கோட்டில் போயிருக்கிறது. இறைச்சிக்காரர் நேர்கோட்டில் போகமாட்டார். நதி போகாது, சாலையும் போகாது. காற்று போகும்.

காற்றுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. நகரின் கோல்ட்சோவோ விமான நிலையம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்து வந்தது. விமானம் இறங்குவதற்காக எழுதியது. ஆந்த்ராக்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. நோய் தொடங்குவதற்குச் சற்று முந்தைய நாட்களில், பட்டையின் திசைக்குப் பொருந்தும்படி காற்று நிலையாக வீசிய பகல் ஒன்றே ஒன்று: 1979 ஏப்ரல் 2, திங்கட்கிழமை.

வெள்ளியா, திங்களா?

இங்கே எனக்கு ஒரு முரண் இடறியது. சோவியத் உயிரியல் ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்து, 1992இல் அமெரிக்காவுக்குப் போன கென் அலிபெக் 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆந்த்ராக்ஸ் ஸ்போரை உலர்த்தும் பிரிவில் அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டியைக் கழற்றினார்கள். புதியது பொருத்த வேண்டும் என்ற குறிப்பு அலுவல் பதிவேட்டில் ஏறவில்லை. அடுத்த ஷிப்ட் வந்தவர்கள் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். அவர் சொல்லும் விவரம் இதுதான். எழுதாமல் விட்ட ஒரு வரி! இந்த வழக்கில் அதுவும் பதிவேட்டுக் கதையாகவே இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் அவர் சொல்லும் நாள் மார்ச் மாதக் கடைசி வெள்ளி. அதாவது மார்ச் 30. உள்ளே இருந்தவர் சொல்வதா, வெளியே இருந்தவர்கள் வரைந்த கோடா?

அட்டவணைக்குத் திரும்பினேன். நோய்ப்பட்டவர்களில் சிலர் 32ஆம் வளாகத்தில் ராணுவ மறுபயிற்சி வகுப்புக்குப் போனவர்கள். வேறு வேறு இடங்களில் வசித்தவர்கள். பட்டைக்குள் அவர்களைக் கொண்டுவந்தது அந்த வகுப்பு மட்டுமே. வகுப்பு தொடங்கிய நாள் திங்கட்கிழமை, ஏப்ரல் 2. வெள்ளிக்கிழமை கசிந்திருந்தால் அவர்கள் அங்கே இல்லை. அலிபெக் 1979இல் அந்த நகரத்தில் இருந்தவரும் அல்ல; பின்னாளில் சக அதிகாரிகளிடம் கேட்டதைச் சொன்னவர். வடிகட்டியைப் பற்றி அவருக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். நாளைப் பொறுத்தவரை நான் வகுப்பு வருகையையும் விமான நிலையத்துக் காற்றையுமே நம்புவேன்.

தேதி நிலைபெற்றதும் இன்னொரு கணக்கு பிறந்தது. அனைவரும் ஒரே நாளில் மூச்சில் வாங்கியிருந்தால், நோய் தலைகாட்ட எத்தனை நாள் ஆயிற்று? பலருக்கு ஒன்பது பத்து நாள். ஒருவருக்கு 43 நாள். ஸ்போர் நெஞ்சுக்குள் ஆறு வாரம் தூங்கியிருக்கிறது, மண்ணில் தூங்குவது போலவே. 2001இல் அமெரிக்காவில் கடித உறைகளில் ஆந்த்ராக்ஸ் பொடி அனுப்பப்பட்டு 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தபோது, ஸ்போர் பட்டிருக்கக்கூடியவர்களை 60 நாள் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். அவ்வளவு நீண்ட கெடு விதிக்க ஸ்வெர்ட்லாவ்ஸ்கின் அந்த 43ஆம் நாளும் ஒரு காரணம்.

ஜாடியின் கடைசிச் சொல்

அன்று வெளியே போன ஸ்போரின் எடை எவ்வளவு? மெசல்சன் குழுவின் மதிப்பீடு சில மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ ஒரு கிராம் வரை. அந்த வரியைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிராம் இருக்காது. வாசனை இல்லாமல், நிறம் தெரியாமல் காற்றில் போய், 66 உயிர்களையும் 50 கி.மீ. வரை ஆடுமாடுகளையும் எடுத்துவிட்டது. தெரியாமல் கசிந்ததற்கே இவ்வளவு என்றால், தெரிந்து தூவுவதற்காக ஏன் இதைச் சேமித்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு அரசு செய்தவை இரண்டு வகை. ஏப்ரல் நடுவில் ச்கலோவ்ஸ்கி வட்டாரத்தில் பெரியவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். தகுதியுள்ள 59,000 பேரில் ஐந்தில் நான்கு பங்கினர் குறைந்தது ஓர் ஊசியாவது போட்டுக்கொண்டார்கள். அது மருத்துவம். தீயணைப்பு வண்டிகள் கட்டடங்களையும் மரங்களையும் தண்ணீர் அடித்துக் கழுவின, தெருநாய்களைச் சுட்டார்கள், மண் தெருக்களுக்குத் தார் போட்டார்கள். கெட்ட இறைச்சிக்கு மரத்தை எதற்குக் கழுவ வேண்டும்? அந்த ஊர்க்காரர்கள் சிலராவது அன்றைக்கே இதைத் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள்.

ஜாடிகள் கடைசியாகப் பேசியது 2016இல். அப்ராமொவாவும் கிரின்பர்கும் காத்து வைத்த திசுக்களிலிருந்து கிருமியின் முழு மரபணு வரிசையைப் பால் கைம் உள்ளிட்ட அறிஞர்கள் படித்தார்கள். மருந்துக்கு அடங்காதபடி செயற்கையாக மாற்றிய தடயம் ஏதும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் கிருமியோடு நெருங்கிய சாதாரண வகை. பாட்டி வீட்டுத் தொழுவத்தில் வந்ததற்கு ஒன்றுவிட்ட உறவு. அதை ஆயுதமாக்கியது மரபணுவில் எவரும் செய்த வித்தை அல்ல. வளர்த்து, உலர்த்தி, பொடியாக்கிய வேலை.

19ஆம் வளாகம் வெளியாருக்கு இன்றும் மூடியே கிடக்கிறது. பறித்துப் போன கோப்புகள் திரும்பி வரவில்லை. அவை வந்தாலும் நான் முதலில் படிக்கப் போவது என்னவோ தேதியைத்தான்.

நகலெடுத்த அட்டவணை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பெயர்கள் இல்லை, வரிசை எண், வயது, ஆணா பெண்ணா, நோய் கண்ட நாள், இறந்த நாள். கட்டம் கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டு போனால் வலதுகோடி வரை 'காரணம்' என்றொரு கட்டமே கிடையாது. பக்கத்தில் வரைபடம் இருக்கிறது. அதன்மேல் என் பென்சில் கோடு.